தரம் 3இல் படிக்கும் மகன் வாசிக்க இடர்ப்படுகின்றான்: வீட்டில் என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டான் தாய் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் வயலும் மாடும் வைத்திருக்கும் குடும்பத்தினர். எங்களுடைய மூத்த மகன் தரம் 3இல் படிக்கின்றான். எட்டு வயது நடக்கின்றது.

சென்ற தவணை வரை அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. கொப்பிகளைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. கரும்பலகையில் உள்ளதை அச்சுப்போல எழுதிக்கொண்டு வருவான்; பக்கத்துக்குப் பக்கம் சரி போடப்பட்டிருக்கும். மாலையில் தமிழ்ப் பாடநூலை விரித்து வைத்துப் பாடத்தைச் சத்தமாகச் சொல்லுவான். ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டது. நான் விளக்கெடுக்கக் குசினிக்குப் போய்த் திரும்பி வரும்வரை, அந்தக் கும்மிருட்டிலும் அவன் பாடத்தை நிறுத்தாமல் “வாசித்துக்கொண்டே” இருந்தான்.

மறுநாள் அதே பாடத்திலுள்ள சொற்களைத் தனித்தனியாகத் தாளில் எழுதிக் காட்டினேன். “மாடு” என்பதை “மடு” என்று வாசித்துவிட்டு, ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போன கதையைச் சொல்லத் தொடங்கினான். “வயல்” அவனுக்கு “வண்டில்” ஆயிற்று. “கொக்கு” என்ற சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் வயலில் நாள் முழுதும் கொக்குத்தான்.

மற்றபடி அவன் கெட்டிக்காரன். பால் எடுக்க வருபவரிடம் எத்தனை லீற்றர் கொடுத்தோம், கிழமை முடிவில் எவ்வளவு காசு வரவேண்டும் என்பதை மனக்கணக்காகச் சொல்லுவான். நான் தெரியாத சொற்களைப் பத்துத் தரம் எழுத வைத்துப் பார்த்தேன். அழகாக எழுதுகின்றான், காலையில் கேட்டால் வாசிக்கத் தெரியவில்லை. வகுப்பாசிரியர் இதை விளையாட்டுப் புத்தி என்கின்றார். என் மாமியோ, “தகப்பனும் இப்படித்தான், அந்த நேரம் இடம்பெயர்ந்து மரத்தடியில் படித்ததால் வந்த வினை” என்கின்றார். கணவருக்கு இன்றும் ஒரு கடிதத்தை வாசித்து முடிக்க நீண்ட நேரம் எடுக்கும்.

இது சோம்பலா, நோயா? சாதாரண தரம் வரை மட்டுமே படித்த என்னால் வீட்டில் ஏதேனும் செய்ய இயலுமா? இவனை விசேட கல்வி அலகில் சேர்க்கச் சொல்லிவிடுவார்களோ என்று கணவர் பயப்படுகின்றார். அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதவும்.

மல்லாவி, ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை:

தங்கச்சி, உங்கள் மாமியிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்கள் கணவருக்குச் சகோதரங்கள் இருந்தால், அவர்களும் அதே மரத்தடியில்தானே படித்திருப்பார்கள்? அவர்களுக்கும் வாசிக்க வராதா? வன்னியில் நாம் எந்தக் குறையையும் சண்டையின் தலையில் போட்டுப் பழகிவிட்டோம். பல வேளைகளில் அது சரிதான் என்றாலும், அதனாலேயே நான் படிப்பித்த காலத்தில் சில பிள்ளைகளின் உண்மையான இடர்பாடு என் கண்ணுக்கும் தப்பிப் போயிருக்கின்றது.

இனி மகனைப் பற்றி. பார்த்தெழுதுவது கைக்கும் கண்ணுக்கும் உள்ள வேலை. அதற்கு ஒலி தேவையில்லை. ஒரு பிள்ளை சீன எழுத்தைக்கூடப் பார்த்து வரைந்துவிடும். ஆகையால் பத்துத் தரம் எழுத வைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவன் விட்ட பிழைகளையே நல்ல வழிகாட்டியாகக் கொள்ளலாம். “மாடு” “மடு” ஆனது குறில் நெடில் குழப்பம். “வயல்” “வண்டில்” ஆனது முதலெழுத்தை மட்டும் பார்த்து ஊகிக்கும் பழக்கம். “கொக்கு” என்பதில் அவனை நிறுத்தியது கொம்பு (ெ). மூன்றும் வெவ்வேறு, மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது.

குறில் நெடிலைக் காதிலிருந்து தொடங்குங்கள், புத்தகம் வேண்டாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று நாம் படித்த இலக்கணம் இங்கே உதவும். கொஞ்சம் புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் “மடு” என்று சொன்னால் அவன் முதல் எழுத்துக்கு ஒரு கொட்டையும், “மாடு” என்று சொன்னால் இரண்டு கொட்டையும் வைக்க வேண்டும். கல், கால், பல், பால், குடை, கூடை, முடி, மூடி, எடு, ஏடு, கொடு, கோடு என்று இணைகளைக் கலந்து சொல்லுங்கள். காது பிழைக்காமல் பிரிக்கத் தொடங்கிய பிறகே அந்தச் சொற்களை எழுதிக் காட்ட வேண்டும். காது பிரிக்காத ஒன்றைக் கண் பிரிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

அடுத்தது, எழுத்துகளின் பெயரையும் ஒலியையும் நாமே குழப்பிவிடுவது. “கானா அரவு கா” என்று பாட்டாகச் சொல்லும் பிள்ளை அரவு (ா) என்ற கோட்டின் பெயரைத்தான் அறிந்திருக்கின்றது. அந்தக் கோடு வாயில் என்ன செய்கின்றது என்பதை அறிந்திருக்கின்றது என்று சொல்ல முடியாது. பால்மாப் பெட்டி அட்டையில் ப, ம, க, வ, ட, ல ஆகிய ஆறு எழுத்துகளையும், அரவை ஒரு தனி அட்டையிலும் வெட்டிக்கொள்ளுங்கள். “ம” அட்டையை வைத்து அவன் ஒலியைச் சொல்லும்போது அரவை மெல்லத் தள்ளிக்கொண்டு போய் அதன் அருகில் சேருங்கள். சேரும் கணத்தில் அவன் ஒலி நீள வேண்டும். விலக்கினால் குறுக வேண்டும். தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்த வேண்டாம். இந்த ஆறும் அரவும் உறுதியான பிறகு “இ” வரிசைக்குப் போகலாம். உகர ஊகார வரிசையில் கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவம் எடுப்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொம்பு விடயத்தில் பிள்ளையின் மேல் பிழை இல்லை. இடமிருந்து வலமாக வாசி என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, “கொ” என்று எழுதும்போது முதலில் ஒரு கொம்பையும், நடுவில் ககரத்தையும், பிறகு அரவையும் வைக்கின்றோம். கண் முதலில் காண்பது கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியதோ ககரத்தின் ஒலி. போதாக்குறைக்கு, அதே அரவு “கா” என்பதில் ஒலியை நீட்டுகின்றது. “கொ” என்பதில் நீட்டுவதில்லை. ஆகவே அட்டைகளை வைக்கும்போது முதலில் “க” வையுங்கள், பிறகு இடப்பக்கம் கொம்பு வைத்துக் “கெ” என்று வாசிக்கச் செய்யுங்கள், கடைசியில் வலப்பக்கம் அரவை வைத்துக் “கொ” ஆக்குங்கள். புத்தகத்தில் வாசிக்கும்போதும் சில நாள்களுக்குக் கொம்பை உங்கள் விரலால் மறைத்து, நடு எழுத்தைக் கண்டுகொண்ட பிறகு விரலை எடுங்கள்.

எழுதிப் பழக்க விரும்பினால் சுளகில் மணலைப் பரப்பி, ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் செய்யுங்கள். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதிச் சொல்ல வைக்கின்றோம் அல்லவா? அதை ஒரு நாளோடு விட்டுவிடுகின்றோம். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், கூடினால் இருபது. களைத்துப்போன பிள்ளையை ஒரு மணித்தியாலம் வைத்திருந்தால் அடுத்த நாள் அவன் மாட்டுப் பட்டியில் ஒளிந்துகொள்வான்.

இன்னொன்று. அவன் தானாகச் சொல்லும் இரண்டு மூன்று வசனங்களை அவன் சொன்னபடியே எழுதுங்கள். “நேற்று எங்கட சிவப்பி கண்டு போட்டது” என்று மாட்டைப் பற்றிச் சொன்னால் அப்படியே எழுதுங்கள். தன் வாயிலிருந்து வந்த வசனத்தை வாசிக்கப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை இருக்கின்றது. மனப்பாடத்தில் ஒப்புவிக்காமல் இருப்பதற்காக மறுநாள் சொற்களை வெட்டிக் கலைத்துக் கொடுங்கள்.

பரந்தன், கராஜ் வைத்திருப்பவர்:

அக்கா, உங்கள் கணவரைப் போன்ற ஒருவன் எழுதுகின்றேன். படித்த காலத்தில் என்னை வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தி வாசிக்கச் சொல்லுவார்கள். வகுப்பு சிரித்து முடியும்வரை நான் முதல் வரியிலேயே நிற்பேன். “மொக்கு” என்ற பட்டம் ஊர் முழுதும் என்னோடு வந்தது. இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எங்கே பிழை என்று சொல்லிவிடுவேன். ஆனால் உதிரிப்பாகப் பட்டியலை வாசிக்க இன்றும் வரிக்குக் கீழே ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்கின்றேன். இந்தப் பதிலை எழுதவும் இரண்டு இரவு பிடித்தது.

என் மகளுக்கும் இதே இடர்பாடு என்று தெரிந்தபோது, நிறக் கண்ணாடி போட்டால் எழுத்து ஆடாமல் நிற்கும் என்று ஒருவர் சொன்னதை நம்பி நல்ல காசு கொடுத்து வாங்கினோம். பிள்ளை கண்ணாடி போட்டுக்கொண்டு அதே பிழைகளை விட்டாள். அவளுக்கு உதவியது, நான் என் கதையை அவளிடம் மறைக்காமல் சொன்ன பிறகு இருவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியது. நான் ஒரு வரி, அவள் ஒரு வரி. நான் தடுமாறும்போது அவள் திருத்துவாள். உங்கள் கணவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

வவுனியா, தமிழ்ப் பாட ஆசிரியர்:

மல்லாவி ஆசிரியை அவர்களின் அனுபவத்தை மதிக்கின்றேன். ஆயினும் பேச்சு வழக்கை அப்படியே எழுதிக் கொடுப்பதை ஏற்க முடியவில்லை. ஏற்கெனவே எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்கு “எங்கட”, “கண்டு” என்று எழுதிக் காட்டினால், பாடநூலில் “எங்களுடைய”, “கன்று” என்று வரும்போது இரட்டைக் குழப்பம் ஏற்படாதா? தொடக்கத்திலிருந்தே செந்நெறி வடிவத்தைப் பழக்குவதே பொருத்தம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கும் இரண்டு ஆண்டுகளே உள்ளன என்பதை மறக்கக் கூடாது.

கிளிநொச்சி, விசேட கல்வி ஆசிரியர்:

வணக்கம். முதலில் தாய் கேட்ட “சோம்பலா, நோயா” என்பதற்கு: இரண்டும் இல்லை என்றே நீங்கள் எழுதியவற்றை வைத்து எண்ணத் தோன்றுகின்றது. 1896ஆம் ஆண்டு பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். கணக்கில் தேர்ந்தவன், எளிய சொற்களையும் வாசிக்க இயலாதவன். பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அவர் பதிந்திருக்கின்றார். உங்கள் மகனின் பால் கணக்கை வாசித்தபோது எனக்கு அந்தச் சிறுவன் நினைவுக்கு வந்தான். இத்தகைய வாசிப்பு இடர்பாட்டைக் குறிக்கும் டிஸ்லெக்சியா என்ற சொல்லை அதற்கும் முன்பு, 1880களில், ருடோல்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் ஆக்கினார். தொடக்கத்தில் கண் மருத்துவர்கள் கையாண்டதாலோ என்னவோ, இது கண்ணின் குறை என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. பெரும்பாலும் இது சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு இணைப்பதில் உள்ள இடர்பாடு. அறிவுக் குறைவு அன்று. குடும்பத்தில் தொடரும் தன்மையும் உடையது. பரந்தன் நண்பர் வாங்கிய நிறக் கண்ணாடியைப் பொறுத்தவரை, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையிலேயே அத்தகைய கண்ணாடிகளுக்கும் கண் பயிற்சிகளுக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்காகக் கண்ணையும் காதையும் சோதிக்காமல் விடலாகாது. பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 என்ற ஒழுங்கில் நடப்பது வழக்கம் என்பதால், அடுத்த ஆண்டுவரை காத்திருக்காமல் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். சிறு வயதில் மகனுக்குக் காது வடிந்ததா? காதுக்குள் நீர் கட்டி நின்ற பிள்ளைகள் பேச்சைக் கேட்பார்கள். ஆனால் நுண்ணிய ஒலி வேறுபாடுகளைத் தவறவிடுவார்கள். அப்படியானால் புளியங்கொட்டை விளையாட்டிலும் தடுமாறுவான். அதற்குக் காரணம் வேறாக இருக்கும்.

விசேட கல்வி அலகு பற்றிய பயம் தேவையற்றது. இவனைப் போன்ற பிள்ளைக்குத் தனி வகுப்பு வேண்டியதில்லை. தன் வகுப்பில் இருந்தபடியே தனியாகச் சில நிமிடங்கள் வேண்டும். அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான சேவைக்கால ஆலோசகரைக் கேளுங்கள். வகுப்பாசிரியரிடம் இரண்டு கோரிக்கைகளை மட்டும் பணிவாக வையுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பின் முன் அவனை வாசிக்கச் சொல்ல வேண்டாம். சுற்றாடல், கணித வினாக்களை யாராவது வாசித்துக் காட்டி விடை பெறட்டும். மின்சாரம் நின்ற இரவின் கதையையும் சொல்லுங்கள். எந்த ஆசிரியருக்கும் அது விளங்கும்.

வவுனியா ஆசிரியருடைய கவலையில் நியாயம் உண்டு. ஆனால் எழுத்தை ஒலியாக்கத் திணறும் பிள்ளைக்கு, அந்த ஒலி சேர்ந்ததும் தனக்குத் தெரிந்த சொல்லாக இருக்க வேண்டும். அப்போதுதான் சரியாக வாசித்தோமா என்பதைத் தானே அறிவான். “கண்டு” என்று வாசித்துப் புரிந்துகொண்ட பிறகு, அதன் கீழே “கன்று” என்று எழுதி, புத்தகத்தில் இப்படி வரும் என்று காட்டினால் போதும். எழுத்துத் தமிழ் அவனுக்குக் காது வழியாக வரட்டும்: இரவில் பாடநூலையும் கதைப் புத்தகங்களையும் நீங்கள் வாசிக்க அவன் கேட்கட்டும். வாசிக்க வரும்வரை கதைகள் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருந்தால் சொல்வளமும் சேர்ந்து பின்தங்கிவிடும். புலமைப்பரிசில் பரீட்சையை இப்போது வீட்டில் பேசவே வேண்டாம் என்பது என் கருத்து.

சொற்கள் பிடிபடத் தொடங்கியதும், ஐம்பது அறுபது சொற்கள் கொண்ட ஒரு பந்தியை முதலில் நீங்கள் வாசித்து, பிறகு அவன் மூன்று நான்கு தடவை வாசிக்கட்டும். பெரியவர் ஒருவர் அருகிலிருந்து திருத்த, வாய்விட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது பயன் தருகின்றது என்பதை அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டியது. பிழைகளை எண்ணுங்கள், மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம். எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான தொடர்புள்ள மொழிகளில் இத்தகைய பிள்ளைகள் காலப்போக்கில் சரியாக வாசிக்கக் கற்றுவிடுவார்கள். வேகம்தான் கடைசிவரை குறைவாக இருக்கும். பரந்தன் நண்பரின் மட்டை அதற்குச் சாட்சி. நம்முடையதைப் போன்ற உயிர்மெய் வரிசைகள் கொண்ட கன்னடத்தில் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வும், எல்லாப் பிள்ளைகளுக்குமே அந்த எழுத்துத் தொகுதி வசப்படச் சில ஆண்டுகள் எடுப்பதைக் காட்டியது. ஆகவே ஒரு தவணைக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று கணக்குப் போடாதீர்கள்.

நீண்ட சொற்களில் திணறினால் வாலிலிருந்து பிரித்துக் காட்டுங்கள். “மாடுகளுக்கு” என்பதில் “மாடு”, “கள்”, “உக்கு” என்று மூன்று துண்டுகளையும் மட்டையால் மறைத்து மறைத்துத் திறக்கலாம். “கள்” என்பதை ஒரு தடவை ஒரே துண்டாகக் கண்டுகொண்டால் ஆயிரம் சொற்களில் அது உதவும்.

ஒட்டுசுட்டான் தாய்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமைகள் கழித்து எழுதுகின்றேன். ரீச்சர், நீங்கள் சொன்னபடி மாமியிடம் கேட்டேன். கணவரின் இரண்டு அக்காமாரும் அதே இடப்பெயர்வில் அதே மரத்தடியில் படித்தவர்கள். ஒருவர் இன்று பிரதேச செயலகத்தில் வேலை செய்கின்றார். மாமி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவனுக்கு அந்த நேரம் எவ்வளவு அடித்தேன்” என்று மட்டும் சொன்னார்.

காதும் கண்ணும் சோதித்தோம். குறை இல்லை என்றார்கள். புளியங்கொட்டையில் இப்போது பத்துக்கு ஒன்பது சரியாக வைக்கின்றான். “மடு”, “மாடு” இரண்டையும் வாசித்துவிடுகின்றான். கொம்புக்கு இன்னும் விரல் தேவைப்படுகின்றது. ஆனால் இப்போது தன் விரலையே வைத்து மறைக்கின்றான். சிவப்பியைப் பற்றி எழுதிய தாளைச் சுவரில் ஒட்டச் சொன்னான். தகப்பனும் மகனும் அதை வரிவரியாக வாசிப்பதைப் பார்க்கின்றேன். யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கின்றார்கள் என்று தெரியவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கின்றது. “வாழை” என்பதையும் “வாளி” என்பதையும் எழுதச் சொன்னால் ழகரத்தையும் ளகரத்தையும் மாற்றி மாற்றி எழுதுகின்றான். காதால் பிரிக்க வைக்கலாமா?

மல்லாவி, ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை:

வேண்டாம், தங்கச்சி. நீங்களே ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நம் ஊரில் நாம் எல்லோரும் வாழையை “வாளை” என்றுதான் சொல்லுகின்றோம். காதில் இல்லாத வேறுபாட்டைக் காதால் எப்படிப் பிரிப்பான்? இப்போது அவன் எழுதுவதில் அதைத் திருத்தவே வேண்டாம். வாசிக்கும்போது இரண்டையும் ஒரே ஒலியாக வாசித்தாலும் விடுங்கள். கொம்பு முழுதாகப் பிடிபட்ட பிறகு வாழை, மழை, கிழமை, கோழி, பழம் என்று அவன் தினமும் காணும் ழகரச் சொற்கள் ஐந்தை மட்டும் எடுத்து, ஒரு கிழமைக்கு ஒரு சொல்லாகச் சுளகு மணலில் எழுதுங்கள். அவை கண்ணால் நினைவில் வைக்க வேண்டிய சொற்கள். அதுவரை கொட்டையும் அட்டையும் போதும்.